பிரேக்தான் மிதித்தேன்

சுவரில் மோதி நின்ற பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருந்தது. முதலில் எனக்கு உறைத்தது அந்தச் சத்தம்தான். நின்றுவிட்ட வண்டி எதற்காக இப்படிக் கத்துகிறது? பின்கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்து பின்சீட்டு முழுக்கக் கிடந்தது. என் வலது கால் முழு பலத்தோடு எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். ஆக்சிலேட்டர்.

வேறு யாருடைய காலோ அங்கே வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. செருப்பு மட்டும் என்னுடையது. காலை எடுத்தேன், சத்தம் அடங்கியது.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மாறி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் கியர் வண்டி ஓட்டியவள் நான். ஒரு கீறல் கிடையாது என்று பெருமை வேறு. அன்றைக்கு அடித்தளப் பார்க்கிங்கில் இரண்டு தூண்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். கேமரா இருக்கிறது, ஆனாலும் திரும்பிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. வலது தோளுக்கு மேலாக உடம்பை முறுக்கிப் பின்னால் பார்த்தபடி, பிரேக்கில் காலை வைப்பதும் எடுப்பதுமாக வண்டியை ஊர விட்டேன். போதும், நிறுத்தலாம் என்று மிதித்தேன். வண்டி பின்னால் பாய்ந்தது. ஐயோ என்று இன்னும் அழுத்தினேன். இன்னும் பாய்ந்தது. எல்லாம் இரண்டு விநாடிக்குள். அந்த இரண்டு விநாடியும் மனதில் ஓடியது ஒரே எண்ணம்: பிரேக் போய்விட்டது.

செக்யூரிட்டி ஓடி வந்தார். "என்னாச்சு மேடம்?"

"பிரேக் பிடிக்கலைங்க" என்றேன்.

காலைக் குனிந்து பார்த்த பிறகுதான் இதைச் சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டுச் சொல்லவில்லை. கண் பார்த்தது ஒன்று, உடம்புக்குத் தெரிந்தது இன்னொன்று. வாய் உடம்பின் பக்கம் நின்றுவிட்டது.

இதே வாக்கியத்தை ஒன்பது வருடத்துக்கு முன்னால் அப்பா சொன்னார். வீட்டு கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விடும்போது, அது சீறிக்கொண்டு போய்ப் போர்ட்டிகோ தூணில் இடித்தது. பம்பர் இரண்டாகப் பிளந்தது, ஹெட்லைட் போயிற்று. "பிரேக்தாம்மா மிதிச்சேன். வண்டி தானா போச்சு" என்றார். மெக்கானிக் வந்து வண்டியைத் தூக்கி வைத்து, பிரேக் ஆயில், பேடு, ஆக்சிலேட்டர் கேபிள் எல்லாம் பார்த்தார். தம்பி தெருவில் நாலு நடை ஓட்டிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லீங்களே" என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். நான்தான் கேட்டேன்: "கால எங்கப்பா வச்சிருந்தீங்க?" கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் டீச்சர் கேட்பது போன்ற குரலில். அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் சாவி தம்பியின் சட்டைப் பைக்குப் போனது. அப்பாவும் திரும்பக் கேட்கவில்லை.

என் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்த பதினொரு நாளும் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றா, எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளவா, தெரியாது.

வண்டி ஓட்டும்போது கை செய்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கால் செய்வது தெரியாது. டேஷ்போர்டுக்குக் கீழே இருட்டில் அது பாட்டுக்கு வேலை செய்கிறது. எந்தப் பெடல் எங்கே இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்த்து மிதிப்பதில்லை. பழக்கத்தில் போய்ச் சேர்கிறது. அமெரிக்காவில் உடல் அசைவுகளை ஆராய்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட் 1989இல் இதைப் பற்றியே ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: பிரேக் மிதிக்க வேண்டும் என்ற முடிவில் ஓட்டுநருக்குக் குழப்பமே இருப்பதில்லை. கட்டளை சரியாகத்தான் கிளம்புகிறது. ஆனால் அது தசைக்குப் போய்ச் சேரும்போது, எவ்வளவு விசை, எவ்வளவு நேரம் என்பதில் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன ஏற்றத்தாழ்வு இருக்கும். எத்தனை வருடம் பழகினாலும் அது பூஜ்யமாகாது. ஊசியில் நூல் கோர்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கை தேர்ந்தவருக்கும் ஒரு முறை நூல் விலகும். அது விலகியது கண்ணுக்குத் தெரிவதால் திரும்பக் கோர்க்கிறார். காலுக்கு அந்த வசதி இல்லை. விலகிய கால் பக்கத்துப் பெடலில் இறங்கினால், அங்கேயும் ஒரு பெடல் இருக்கிறது, அதுவும் அழுத்தினால் அமுங்குகிறது. சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று மூளை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

உடம்பைத் திருப்பினால் இன்னும் மோசம். வலப்பக்கம் திரும்பும்போது இடுப்பும் கொஞ்சம் கூடவே திரும்புகிறது. காலும் வலது பக்கம் சாய்கிறது. மூளையில் இருக்கும் வரைபடமோ நேராக உட்கார்ந்திருக்கும்போது போட்டது. ரிவர்ஸ் எடுக்கையிலும் பார்க்கிங்கிலும் இந்தத் தவறு அதிகம் நடப்பதற்கு இது ஒரு காரணம்.

அப்புறம் நடப்பதுதான் உண்மையில் பயங்கரம். வண்டி பாய்கிறது. நான் மிதித்திருப்பது பிரேக் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியென்றால் பிரேக் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லையென்றால் இன்னும் அழுத்த வேண்டும். அழுத்த அழுத்த வேகம் கூடுகிறது, கூடக் கூட அழுத்தம் கூடுகிறது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரே வழி காலைத் தூக்குவது. பிரேக்கில் இருக்கும் காலை, வண்டி தறிகெட்டு ஓடும்போது, எந்தப் புத்தியுள்ளவர் தூக்குவார்?

2003 ஜூலையில் அமெரிக்காவின் சாண்டா மோனிகாவில் 86 வயது முதியவர் ஒருவரின் கார் வாரச் சந்தைக்குள் புகுந்து, சுமார் பத்து விநாடிகள் ஓடியது. 10 பேர் இறந்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அவர் கால் ஆக்சிலேட்டரில் இருந்தது என்று முடிவுக்கு வந்தது. பத்து விநாடி! என் இரண்டு விநாடியை ஐந்தால் பெருக்கிப் பார்த்தேன். அன்று என் பின்னால் சுவர் இல்லாமல் போயிருந்தால் என்ற நினைப்பை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

தென்கொரியாவில் 2024 ஜூலை 1ஆம் தேதி இரவு சியோல் நகர மண்டபம் அருகே ஒரு கார் நடைபாதையில் ஏறியது. 9 பேர் இறந்தார்கள். 68 வயது ஓட்டுநர், தொழிலே வாகனம் ஓட்டுவதுதான், வண்டி தானாகப் பாய்ந்தது, பிரேக் பிடிக்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார். தடயவியல் ஆய்வகம் அவருடைய வலது ஷூவின் அடிப்பகுதியைப் பார்த்தது. மோதிய அதிர்ச்சியில் அதில் ஒரு பெடலின் அச்சு பதிந்திருந்தது. ஆக்சிலேட்டர் பெடலின் அச்சு.

டோக்கியோவின் இகெபுகுரோவில் 2019 ஏப்ரலில் 87 வயது ஓட்டுநர் ஒருவரின் கார் மோதி, சைக்கிளில் போன ஓர் இளம் தாயும் மூன்று வயது மகளும் இறந்தார்கள். அவரும் பிரேக் மிதித்ததாகத்தான் நீதிமன்றத்தில் சொன்னார். பல மாதம் சொன்னார். ஊரே அவரைப் பொய்யர் என்றது. 2021 செப்டம்பரில் ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டுக்கு அவர் போகவில்லை. இறந்தவர்களின் குடும்பத்துக்கு அந்த வாக்கியம் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை என்னால் யோசிக்க முடியவில்லை. ஆனால் அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று முன்பு போல என்னால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை. செக்யூரிட்டியிடம் நான் சொன்னது பொய்யா என்ன?

வயதானவர்களாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், அது நியாயமில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2012இல் வெளியிட்ட ஆய்வில் இரு முனையிலும் ஆட்கள் அதிகம்: 76 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு பக்கம், 16 முதல் 20 வயதுக்காரர்கள் இன்னொரு பக்கம். பெண்கள் அதிகம் என்றும் அதில் இருக்கிறது. இதைப் படித்ததும் தம்பி ஒரு சிரிப்புச் சிரித்தான். ஐந்தடி உயரத்துக்காரி சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, நுனிக்காலால் பெடலை எட்டி மிதிப்பதற்கும், ஆறடிக்காரன் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மிதிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்கு விளக்கினேன். சீட்டில் உட்கார வைத்தே விளக்கினேன். சிரிப்பு நின்றது.

சரி, இந்தப் பெடல்களை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது யார்?

யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்ததாகத் தெரியவில்லை. 1908இல் வந்து ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டின் மாடல் டி-யில் மூன்று பெடல்கள் இருந்தன. இடதுபக்கம் இருந்தது கியருக்கு, நடுவில் இருந்தது ரிவர்ஸுக்கு, வலது ஓரத்தில் இருந்ததுதான் பிரேக். ஆக்சிலேட்டர் காலுக்கே கிடையாது, ஸ்டியரிங்கின் கீழே கையால் இழுக்கும் ஒரு நெம்புகோல். அதாவது இன்று நாம் ஆக்சிலேட்டர் என்று மிதிக்கும் இடத்தில் அன்றைக்கு பிரேக் இருந்தது. கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்ற இன்றைய வரிசை 1916ஆம் ஆண்டின் காடிலாக் டைப் 53-இல் வந்தது. 1922இல் வந்த ஆஸ்டின் 7 அதை ஐரோப்பாவில் பரப்பியது. அதற்குப் பிறகும் பல பந்தயக் கார்களில் ஆக்சிலேட்டர் நடுவிலும் பிரேக் வலது ஓரத்திலும் இருந்திருக்கின்றன. 1950களில் பந்தய வீரர் ஃபாங்கியோ ஓட்டிய மஸராட்டி 250எஃப் அப்படிப்பட்டது. அதில் ஏறி இறங்கி, வீட்டுக் காரில் ஏறி, எப்படித்தான் சமாளித்தார்களோ.

ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் பெடல் வரிசை மாறுவதில்லை. ஒரு நூற்றாண்டில் உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட மிகச் சில விஷயங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அடிப்படையைப் பாருங்கள். "போ" என்பதும் "நில்" என்பதும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான கட்டளைகள். இரண்டையும் ஒரே காலால், ஒரே அசைவால், ஓர் உள்ளங்கை அகலம்கூட இல்லாத இடைவெளியில் கொடுக்கிறோம். கியர் வண்டியில் கிளட்ச் என்று ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. பதறினால் இரண்டு காலும் சேர்ந்து இறங்கும். வலது கால் தவறாகப் போனாலும் இடது கால் சக்கரத்தை இன்ஜினிலிருந்து பிரித்துவிடும், வண்டி கத்துமே தவிர ஓடாது. பதினெட்டு வருடம் என்னைக் காப்பாற்றியது என் திறமை இல்லை, அந்த இடது காலாகவும் இருக்கலாம்.

ஜப்பானில் குமாமொட்டோ பகுதியைச் சேர்ந்த மசுயோஷி நருசே என்ற கண்டுபிடிப்பாளர் ஒரே ஒரு பெடல் செய்தார். கீழே அழுத்தினால் பிரேக். போக வேண்டுமென்றால் பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு தகட்டைத் தள்ள வேண்டும். பதற்றத்தில் உடம்பு செய்யும் ஒரே காரியம் கீழே அழுத்துவது, ஆகவே அழுத்தினால் நிற்கட்டும் என்பது அவருடைய வாதம். நான் படித்ததிலேயே இவ்வளவு எளிமையான வாதம் வேறில்லை. பெரிய கம்பெனிகள் எதுவும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நூறு வருடப் பழக்கத்தை மாற்ற யார் துணிவார்கள்?

இந்த விஷயத்தில் அதிகம் அடிபட்ட பெயர் ஜெர்மன் கார் கம்பெனியான ஆடி. 1986 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி ஆடி 5000 காரைப் பற்றி ஒரு பகுதி ஒளிபரப்பியது. கியரை முன்னால் போகும் 'டி'க்கோ பின்னால் போகும் 'ஆர்'க்கோ மாற்றியவுடன் கார் தானாகப் பாய்கிறது என்று பலர் கண்ணீரோடு சொன்னார்கள். ஆக்சிலேட்டர் பெடல் யாரும் தொடாமல் தானாகக் கீழே இறங்குவதையும் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த வண்டியின் டிரான்ஸ்மிஷனில் துளை போட்டு, உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்தித்தான் பெடலை இறங்க வைத்திருந்தார்கள். பார்த்தவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. 1985இல் அமெரிக்காவில் 74,000 கார் விற்ற ஆடி 1991இல் 12,000 சொச்சத்துக்கு இறங்கியது.

1989இல் அரசு ஆய்வு அறிக்கை வந்தது. பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் தவறான பெடல் என்றது. இத்தோடு நிறுத்திக்கொண்டு "பார்த்தீர்களா, ஓட்டுநர் தப்பு" என்று முடிப்பவர்கள் அதிகம். அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் ஐடில் வேகத்தைச் சீராக வைக்கும் பாகம் சில கார்களில் கோளாறாகி, வண்டி திடீரென்று லேசாகத் துள்ளியிருக்கிறது. அந்தத் துள்ளலில் பதறி பிரேக்கைத் தேடிய கால் ஆக்சிலேட்டரில் விழுந்திருக்கலாம். பெடல்கள் அமைந்திருந்த விதமும் அதற்குத் தோதாக இருந்தது. ஆக, வண்டி கொஞ்சம் தள்ளிவிட்டது, மீதியைக் கால் செய்தது. குற்றம் யார் மீது என்று பிரிக்கக் கத்தியைத் தேட வேண்டும்.

ஆடி கடைசியில் செய்தது ஒரு சின்ன வேலை. பிரேக்கை மிதித்தால்தான் கியர் 'பி' என்ற பார்க்கிங் நிலையிலிருந்து நகரும்படி ஒரு பூட்டு. இன்று எந்த ஆட்டோமேட்டிக் காரிலும் இருக்கிறதே, அதுதான். எங்கள் தப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே அந்தக் கம்பெனி பூட்டைப் போட்டது, புகார்களும் வெகுவாகக் குறைந்தன. கிளம்பும்போது கால் எங்கே இருக்கிறது என்பதை வண்டியே ஒரு முறை சரிபார்த்துக்கொள்கிறது. என் விபத்தில் அது உதவவில்லை. நான் ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்தேன்.

எல்லாப் பழியும் காலுக்கே என்று முடிவுகட்டும்போது டொயோட்டா கதை குறுக்கே வரும். 2009 ஆகஸ்ட் 28 அன்று கலிஃபோர்னியாவில் சான் டியாகோ அருகே, டீலர் இரவல் கொடுத்த, டொயோட்டாவின் லெக்ஸஸ் ஈஎஸ் 350 காரில் ஒரு குடும்பத்தின் நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. வண்டி ஓட்டத் தெரியாதவர் என்று யாரும் வாய் திறக்க முடியாது. காரிலிருந்தபடியே அவசர உதவிக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று. அந்தக் காரில் வேறொரு மாடலுக்கான கனமான ரப்பர் மேட் போடப்பட்டிருந்தது. அதன் விளிம்பில் பெடலின் அடிப்பகுதி சிக்கிக்கொண்டது. அதே வண்டியை அதற்கு முன் இரவல் வாங்கியவருக்கும் அதே போலச் சிக்கியிருக்கிறது. அவர் தப்பித்துவிட்டார்.

அந்த வருடமே மேட் பிரச்சினைக்காகச் சுமார் 38 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2010 ஜனவரியில் இன்னொரு 23 லட்சம், இது வேறு கோளாறு: மிதித்த பெடல் மேலே வரத் தாமதிக்கிறது, சில சமயம் ஒட்டிக்கொள்கிறது. இதன் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது, பிடித்தது என்று சொல்வது தவறாக இருந்தாலும். கேபிள் போய் மின்னணு பெடல் வந்தபோது, பழைய கேபிளின் இழுவை காலுக்குத் தெரியாமல் போயிற்று. அந்த உணர்வைக் கொண்டுவர, பெடலின் உள்ளே உராய்வதற்கென்றே ஒரு சின்னப் பாகத்தை வைத்தார்கள். நாளடைவில் அது தேய்ந்து, ஈரம் பட்டு, பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. காலுக்குப் பழகிய சுகத்தைக் கொடுப்பதற்காக வைத்த துண்டு காலை ஏமாற்றியது. சரிசெய்ய ஒரு சின்ன எஃகுத் தகடு போதுமானதாக இருந்தது.

மின்னணு அமைப்பில் கோளாறா என்று நாசா பொறியாளர்களே வந்து தேடினார்கள். 2011 பிப்ரவரியில் வெளியான முடிவு: வண்டி தறிகெட்டுப் பாயும் அளவுக்கு மின்னணுக் காரணம் எதையும் காணவில்லை. ஆனால் 2013இல் ஓக்லஹோமாவில் ஒரு விபத்து வழக்கை விசாரித்த நீதிமன்ற ஜூரி வேறு மாதிரி நினைத்தது. விபத்துக்குள்ளான 2005ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி காரின் மென்பொருளை வரிவரியாகப் படித்த மைக்கேல் பார் என்ற நிபுணர் அதிலுள்ள குறைகளை எடுத்துச் சொன்னார். சாலையில் நீளமான டயர் தேய்மானத் தடமும் சாட்சியாக இருந்தது. பிரேக் போடாமல் அந்தத் தடம் வருமா? ஜூரி டொயோட்டாவைப் பொறுப்பாக்கியது. பாதுகாப்புக் குறைகளைப் பற்றி மக்களைத் தவறாக நம்பவைத்ததற்காக 2014 மார்ச்சில் அந்த நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஆகவே "பிரேக் பிடிக்கலை" என்று ஒருவர் சொன்னால் உடனே சிரிக்கவும் முடியாது, உடனே நம்பவும் முடியாது. பதில் பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. மோதலுக்கு முந்தைய சில விநாடிகளைப் பதிவு செய்யும் சின்னக் கருவி இப்போது பெரும்பாலான புதிய கார்களில் உண்டு. பிரேக் விளக்கு எரிந்ததா, ஆக்சிலேட்டர் எத்தனை சதவீதம் என்று அது சொல்லிவிடும். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் புதிய கார் எல்லாவற்றிலும் அது கட்டாயம். அப்பாவின் பழைய வண்டியில் அப்படி எதுவும் இல்லை. மெக்கானிக்கின் "ஒண்ணும் இல்லீங்களே"தான் அங்கே தீர்ப்பு.

உண்மையிலேயே ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் முழு வேகத்தில் இழுத்தாலும் நல்ல நிலையில் இருக்கும் பிரேக் பெரும்பாலும் ஜெயிக்கும். ஓர் அமெரிக்க வாகன இதழ் ஆறு சிலிண்டர் கேம்ரியை மணிக்கு 113 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் சோதித்தது. சாதாரணமாக 53 மீட்டரில் நின்ற கார், ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருக்கும்போது 58 மீட்டரில் நின்றது. ஐந்து மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஒரே மிதியாக, எடுக்காமல் மிதிக்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் கெட்டது. பிரேக்குக்குக் கைகொடுக்கும் பூஸ்டர் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில் இயங்குவது. ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருந்தால் புதிதாக வெற்றிடம் உருவாகாது, சேமிப்பு இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பிரேக்கை அழுத்தியபடியே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் கத்தட்டும், கவலை வேண்டாம். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால் ஓட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அணையாது, சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த லெக்ஸஸில் மூன்று விநாடி. அதை ஓட்டிய காவல் அதிகாரிக்கு அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். இப்போது பல வண்டிகளில் இரண்டு பெடலும் ஒன்றாக அமுங்கினால் கம்ப்யூட்டர் பிரேக்கின் பேச்சைத்தான் கேட்கும்.

பெடல் என்றால் இவ்வளவு நாள் கழித்துப் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று நினைப்போம். 2024 ஏப்ரலில் டெஸ்லா 3,878 சைபர்டிரக்குகளைத் திரும்ப அழைத்தது. ஆக்சிலேட்டரின் மேல் ஒட்டிய அழகுத் தகடு நழுவி மேலே போய் மாட்டிக்கொள்ளும் அபாயம். தகட்டைச் சுலபமாக ஏற்றுவதற்காகத் தொழிற்சாலையில் சோப்பு தடவியிருக்கிறார்கள். சோப்பு!

மின்சாரக் கார்கள் எனக்குள் வேறொரு சந்தேகத்தைக் கிளப்புகின்றன. அவற்றில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி நன்றாக மட்டுப்படும். பிரேக்கைத் தொடாமலே நாள் முழுக்க ஓட்டலாம். அப்படியென்றால் பிரேக்குக்குப் போகும் பாதையைக் கால் எப்போது பழகும்? ஆபத்து வரும் அன்றைக்குத்தானா? இது என் பயம் மட்டுமே, இதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது.

எனக்கு உண்மையில் நம்பிக்கை தருவது ஜப்பானியர்கள் தள்ளிக்கொண்டு வந்த ஒரு விதி. ஐநாவின் வாகன விதிமுறைகளில் 175ஆவது அது. நின்றுகொண்டிருக்கும் காரின் முன்னால் ஒரு தடை இருக்கும்போது ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால், இவர் இதைச் செய்ய நினைத்திருக்க மாட்டார் என்று வண்டியே முடிவெடுத்துப் பாய்ச்சலை அடக்க வேண்டும். ஜப்பானில் 2028 செப்டம்பரிலிருந்து புதிய ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இது கட்டாயமாகிறது. கால் தவறும் என்பதை ஒரு விதியே வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறது. யார் கால் என்று அது கேட்பதில்லை.

வண்டி திரும்பி வந்த அன்று, மேட் நகராமலிருக்கும் கொக்கி இரண்டும் மாட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். மாட்டவில்லை, துடைக்க எடுத்தவர் அப்படியே போட்டிருந்தார். அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. என் குதிகால் ஊன்றும் இடத்தில் மேட் லேசாக வெளுத்திருந்தது. பிரேக்குக்கு நேர் கீழே இல்லை. நடுவிலும் இல்லை. ஆக்சிலேட்டருக்குக் கீழே. குதிகாலை அங்கேயே ஊன்றிக்கொண்டு நுனிக்காலை மட்டும் பிரேக்குக்குத் திருப்பும் பழக்கம் எனக்கு இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். இப்போது பார்க்கிங்கில் குதிகாலை இடது பக்கம் நகர்த்திவைத்துவிட்டுத்தான் ரிவர்ஸ் போடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துப்போய் டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். இன்ஜின் அணைத்திருந்தது, சாவி என் கையில். "கண்ண மூடிக்கோங்கப்பா. நான் சொல்றத மிதிங்க." செல்போன் வெளிச்சத்தைப் பெடல் பக்கம் பிடித்துக்கொண்டு, பிரேக், ஆக்சிலேட்டர், பிரேக், பிரேக் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். இருபது முறை. சில தடவை பின்னால் திரும்பச் சொல்லியும் மிதிக்கவைத்தேன். 79 வயதுக் கால் இருபதுக்கு இருபதும் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"இப்ப நீ உக்காரு" என்றார்.

பதினான்காவது முறை, உடம்பைத் திருப்பியிருந்தபோது, என் செருப்பின் வலது விளிம்பு ஆக்சிலேட்டரிலும் சேர்ந்து பட்டது. பட்டது எனக்குத் தெரியவே இல்லை. வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தவர்தான் சொன்னார்.

"கால எங்கம்மா வச்சிருந்தே?"

குரலில் கோபம் இல்லை. ஒன்பது வருடம் காத்திருந்து கேட்ட கேள்வி போலவும் இல்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையை நீட்டினார். "சாவியக் குடு."

இருபது முறை சரியாக மிதித்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இந்தத் தவறு பல ஆயிரம் மிதியில் ஒரு தடவை வருவது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப உனக்கும் அதே கணக்குதானே?" என்றார்.